அலையோசையும் அச்சமும்

மாமல்லபுரம் கரையோரக் குப்பங்களில் அலையோசைக்கு நடுவே குழந்தைகள் அயர்ந்து உறங்குவர். பழகிய ஓசையை மூளை வடிகட்டி விடுகிறது. இப்பணியில் பங்கேற்கும் வேதிப்பொருள்களுள் ஒன்று, 1950இல் மூளையில் கண்டறியப்பட்ட 'காபா'. நரம்பணுக்களின் கிளர்ச்சியை அது தணிக்கிறது. இத்தடுப்பு தளரும்போது சிறு ஓசையும் பேரிரைச்சலாகலாம், உள்ளம் பதறலாம்.

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலைக்குப் பின், அதே அலையோசை கரையோர மக்கள் பலரின் உறக்கத்தைப் பறித்தது. அஞ்சுவோரை நோக்கி, "உனக்கு விசுவாசம் போதாது" என்பது அறமாகுமா? பதற்றம் எவரும் விரும்பித் தேர்ந்துகொண்டதன்று. விரும்பாததைப் பாவமெனக் கூறல் நீதியன்று. செபிப்பவர் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரை நாடுவதும் நம்பிக்கையின் செயலே. "அஞ்சாதே" என்னுமுன், அவரருகே சற்று அமர்ந்திருப்போம்.