விளக்கு எரியும்போதே விழித்துக்கொள்ளுங்கள்



கலியாணப் படங்களையும் வியாபாரக் கணக்குகளையும் காக்க, இந்நாளில் பல வட்டுகள் அடங்கிய சேமிப்புப் பெட்டியை வைக்கிறார்கள். 1988-ல் அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் இம்முறைகளை வகுத்தெழுதினார்கள். ‘ரெய்டு 5’ என்னும் முறையில் ஒரு வட்டு கெட்டாலும், மற்றவற்றில் பதிந்துள்ள ஈட்டுக் கணக்கைக்கொண்டு இழந்ததை மீட்கலாம். எச்சரிக்கை விளக்கைக் கண்டும் தாமதித்தால், இரண்டாவது வட்டு கெட்டதும் எதையும் வாசிக்க முடியாமற்போகும். அப்போது பதறிப் புதிதாய் எதையும் எழுதாமல், பெட்டியை நிறுத்தி நிபுணரிடம் ஒப்படைக்கவேண்டும்.

ஆத்துமமும் அப்படியே. அற்பப் பாவத்திலேயே மனச்சாட்சி எச்சரிக்கிறது. அதை அசட்டைபண்ணுகிறவன் சாவான பாவத்தில் விழுந்து, தேவ இஷ்டப்பிரசாதத்தையும், அதுவரை சேர்த்த பேறுபலன்களையும் இழந்துபோகிறான். ஆயினும் அவநம்பிக்கை வேண்டாம். மனந்திரும்புகிறவர்கள் இழந்த பேறுபலன்களைத் திரும்பப் பெறுகிறார்கள் என்று, 11-ம் பத்திநாதர் பாப்பானவர் 1924-ல் ஜூபிலி ஆண்டை அறிவிக்கையில் போதித்தார். நிபுணர் சிலவேளை கைவிரிப்பார். மெய்யான மனஸ்தாபத்தோடு வருகிறவனைச் சர்வேசுரன் ஒருபோதும் கைவிடார்.

பென்னாகரத்துக் குடும்பங்களே, இரண்டாவது வட்டு கெடும்வரை காத்திராதேயுங்கள். இந்த வாரமே குடும்பமாய் வந்து, நல்ல பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். ஆமென்.