விதை நெல்லைப் பூட்டி வைக்காதீர்கள்

தொண்ணூறு வயதுப் பாட்டி கண்ணை மூடினால் எங்கள் தஞ்சைப் பக்கம் அதைக் ‘கல்யாணச் சாவு’ என்பார்கள். பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். தப்பு முழங்கும். நிறைவாக வாழ்ந்தவரைக் கொண்டாடி அனுப்ப இந்த மண்ணுக்குத் தெரியும்.

ஐம்பது வயதில் ஒருவர் போய்விட்டால்? எடுத்த வேலை பாதியில் நிற்கும்போது போய்விட்டால்? அவரை எந்த முகத்தோடு மகிழ்ச்சியாக நினைப்பது?

இந்தக் கேள்வி நெஞ்சை அறுக்க, மூலையில் உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்களிடம்தான் பேசுகிறேன். எழுந்து வாருங்கள், திருத்துறைப்பூண்டி வரை போய் வருவோம்.

அந்த வட்டாரத்துக் கட்டிமேட்டில் பிறந்தவர் ஜெயராமன். 2003-ல் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடந்தபோது உடன் நடந்தவர். வழியில் உழவர்கள் கொடுத்த பாரம்பரிய நெல் விதைகள் அவர் வாழ்க்கையின் திசையையே மாற்றின. ஆளுயரத்தைத் தாண்டி வளரும் காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா என்று வழக்கொழிந்துபோன ரகங்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். 174 ரகங்களை மீட்டார். நம்மாழ்வார் அவருக்கு ‘நெல்’ ஜெயராமன் என்று பெயர் வைத்தார். டெல்டாக்காரனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் உண்டா?

2006-ல் ஆதிரெங்கத்தில் அவர் தொடங்கிய நெல் திருவிழாவுக்கு ஒரே ஒரு கணக்குதான். வருகிற உழவருக்கு 2 கிலோ விதை இலவசம். அடுத்த ஆண்டு அவர் அதை 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த நாலு கிலோ இன்னும் இரண்டு பேர் கைக்குப் போகும்.

2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் நம்மாழ்வார் மறைந்தார். குருவை இழந்த ஜெயராமன் ஓய்ந்து உட்காரவில்லை. விதை கொடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரைப் புற்றுநோய் பிடித்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. விழுந்த மரங்களை டெல்டா அப்புறப்படுத்தி முடிக்கும் முன்பே, டிசம்பர் 6 அன்று, ஜெயராமன் போய்ச் சேர்ந்தார். வயது ஐம்பது.

அடிமேல் அடி வாங்கிய அந்த மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2019-ல் மறுபடி நெல் திருவிழா நடத்தினார்கள். அவர் பெயரைச் சொல்லி விதை வாங்கினார்கள், கொண்டுபோய் விதைத்தார்கள். 2021-ல் தமிழக அரசும் மரபுசார் நெல் ரகங்களைக் காக்கும் இயக்கத்துக்கு அவர் பெயரையே வைத்தது.

உழவர் வீட்டில் பிறந்தவருக்கு ஒன்று தெரியும். விதை நெல்லைக் கோட்டை கட்டி எத்தனை பத்திரமாக வைத்தாலும், ஓரிரு ஆண்டுகளில் முளைப்புத் திறன் போய்விடும். ரகம் பிழைக்க வேண்டுமானால் சேற்றில் போட்டே ஆக வேண்டும். 174 ரகங்களையும் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தால் ஜெயராமனுக்கு முன்பே அவை செத்திருக்கும்.

நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? அப்பாவின் அறையைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். அம்மாவின் பேச்சை யாராவது எடுத்தால் “வேண்டாம், விடுங்க” என்கிறீர்கள். அவர் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதைகள் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. கடைசி பத்து நாள் ஆஸ்பத்திரிக் கட்டில் மட்டும் உங்களுக்கு மனப்பாடம். ஐம்பது ஆண்டு வாழ்ந்தவரைப் பத்து நாளாகச் சுருக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

அழாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நாற்றைப் பறித்து நட்ட மறுநாள் வயலைப் பாருங்கள், வாடி வதங்கித்தான் நிற்கும். வேர் அறுந்த பயிர் அல்லவா? அதைப் பார்த்து எந்த உழவனும் நடவு பொய்த்தது என்று வீட்டுக்குப் போய்ப் படுப்பதில்லை. தண்ணீர் கட்டுவான், காத்திருப்பான். சில நாளில் வயல் பச்சை பிடிக்கும். உங்கள் மனசும் பச்சை பிடிக்கும். ஆனால் தண்ணீர் கட்ட வேண்டியது நீங்கள்!

காவிரிக்கரையில் இன்னொரு சாட்சியும் இருக்கிறது. இசைமேதை தியாகராஜர் திருவையாற்றில் மறைந்தது 1847-ல். அவர் சமாதி கவனிப்பாரின்றிச் சிதைந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் பதறி வந்தவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். கண்ணீர் விட்டதோடு திரும்பிப் போகவில்லை அந்த அம்மாள். தன் சொத்தைச் செலவழித்து 1920-களில் அங்கே கோயில் எழுப்பினார். ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்று தடுத்தவர்களோடு மல்லுக்கு நின்று பாடினார். இன்று புஷ்ய பகுள பஞ்சமியன்று நூற்றுக்கணக்கான பாடகர்கள் ஒரே குரலில் பஞ்சரத்தினக் கிருதிகளைப் பாடுகிறார்கள். அது ஒருவருடைய நினைவு நாள். அங்கே ஒப்பாரி கேட்பதில்லை, நாட்டை, ஆரபி ராகங்கள் கேட்கின்றன. 1952-ல் மறைந்த நாகரத்தினம்மாளும் அந்தச் சமாதியைப் பார்த்தபடி அங்கேயே இருக்கிறார்.

உங்களவர் ஊரறிந்த மனிதராக இல்லாமல் இருக்கலாம். அதனால் என்ன? முருங்கைக்கீரையை நெய்விட்டு வதக்குவதில் ஒரு பக்குவம் வைத்திருந்தாரா? தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாரா? கொல்லையில் நார்த்தங்கன்று வைத்தாரா? அதுதான் உங்கள் கைக்கு வந்த இரண்டு கிலோ விதை.

அடுத்த திவசம் வரை காத்திருக்காதீர்கள். இன்று ராத்திரி அந்த அறைக் கதவைத் திறந்து விளக்கைப் போடுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் உங்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த ஒரு நாளைச் சொல்லுங்கள். நாளைக் காலையில் அவர் பாதியில் விட்ட வேலை ஒன்றை உங்கள் கையால் எடுங்கள்.