அமைதி யாருக்காக?

குழந்தைகளிடம் பெரியவர்கள் ஓயாமல் கேட்கும் பொருள் ஒன்று உண்டு. அது அமைதி. 'சத்தம் போடாதே', 'சும்மா இரு', 'வாயை மூடு' என்று வீட்டிலும் பள்ளியிலும் நாள் முழுவதும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேட்பதற்குக் காரணமும் இருக்கிறது. அப்பா செய்தி பார்க்க வேண்டும், அம்மாவுக்குத் தலைவலி, நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் பாடம் நடத்தியாக வேண்டும். அந்த அமைதி நமக்காக. இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. குழந்தைக்கும் அது தெரியும்.

அண்மைக் காலமாகப் பள்ளிக்கூடங்களில் வேறோர் அமைதியைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணை மூடி உட்காரச் சொல்கிறார்கள். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிக்கச் சொல்கிறார்கள். மனம் எங்கேயாவது ஓடினால், ஓடியதை அறிந்து, அதைக் கடிந்துகொள்ளாமல் திரும்ப அழைத்துவரச் சொல்கிறார்கள். விழிப்புணர்வுப் பயிற்சி என்று இதற்குப் பெயர். 'இந்த அமைதி எங்களுக்காக அல்ல, உனக்காகத்தான்' என்பது இந்தப் பயிற்சியின் வழியாக நாம் குழந்தைக்குக் கொடுக்கும் வாக்கு.

அந்த வாக்கை நாம் காப்பாற்றுகிறோமா?

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 11 முதல் 14 வயது வரையுள்ள பருவம் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவிலுள்ள திண்ணை போன்றது. உள்ளே போ என்றால் கோபம் வருகிறது. வெளியே போ என்றால் பயம் வருகிறது. உடம்பு மாறுகிறது, குரல் மாறுகிறது. தோழி ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைய உலகமே இருண்டுவிடுகிறது. முன்பெல்லாம் பள்ளி விட்டால் அந்தத் துன்பமும் ஓரளவு விட்டது. இன்று கைபேசியின் வழியாக இரவு பதினொரு மணிக்கும் அந்தத் தோழி முகத்தைத் திருப்பிக்கொள்ள முடிகிறது. பல நாடுகளில் நடந்த 192 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2021இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். மனநோய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்பே தலைகாட்டிவிடுகிறது என்று அது சொல்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 1990களில் பள்ளிகளுக்கென்று பத்து வாழ்க்கைத் திறன்களை வகுத்துக் கொடுத்தது. முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், ஆராய்ந்து சிந்தித்தல், புதுமையாகச் சிந்தித்தல், சொல்ல வந்ததைச் சொல்லத் தெரிதல், பிறரோடு பழகுதல், தன்னை அறிதல், பிறர் துன்பத்தை உணர்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல், நெருக்கடியைச் சமாளித்தல் என்பவை அவை. கணக்கைப் போலவும் பூகோளத்தைப் போலவும் இவற்றையும் கற்றுக்கொடுக்க முடியும் என்பது அதன் கருத்து. நல்ல கருத்துத்தான். தன்னை அறிதல், உணர்ச்சிகளைக் கையாளுதல் ஆகிய இரண்டுக்கும் விழிப்புணர்வுப் பயிற்சி வழிகாட்டும் என்று நம்பித்தான் இன்று பள்ளிகள் அதை ஏற்கின்றன.

இந்தப் பயிற்சி வந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போம். பாலி மொழியில் 'ஸதி' என்ற சொல் ஒன்று இருக்கிறது. வடமொழியில் அது 'ஸ்மிருதி'. நினைவு, மறவாமை என்பது அதன் பொருள். புத்தர் தம் பிக்குகளுக்குச் சொன்ன எட்டு நெறிகளில் நல்ல நினைவும் ஒன்று. 1979இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில், ஜான் கபட்-ஜின் என்பவர் அந்தத் தியான முறையை அதன் சமயச் சூழலிலிருந்து பிரித்தெடுத்தார். நாட்பட்ட வலியோடும் நோயோடும் வாழும் மனிதர்களுக்கு எட்டு வாரப் பயிற்சியாக அதை அமைத்தார். அங்கிருந்து அது அலுவலகங்களுக்குப் போனது, பள்ளிக்கூடங்களுக்கும் வந்தது.

இந்த நெடுவழியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புத்தரிடம் போன பிக்கு தானாக வீட்டைத் துறந்து போனவர். மருத்துவமனைக்குப் போன நோயாளி தன் வலியைத் தானே சுமந்துகொண்டு கதவைத் தட்டியவர். ஏழாம் வகுப்புப் பையனோ காலை மணி அடித்ததும் வரிசையில் நிற்கிறான். உட்கார் என்றால் உட்காருகிறான். கண்ணை மூடு என்றால் மூடுகிறான். அவன் எதையும் தேடி வரவில்லை. அவனிடம் யாரும் கேட்கவும் இல்லை. தேடி வந்தவனுக்குக் கிடைக்கும் மௌனமும், கட்டளையால் கிடைக்கும் மௌனமும் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றாகத்தான் தெரியும். உள்ளே இருப்பவனுக்கு அவை ஒன்றல்ல.

பிரிட்டனில் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தினர் முன்னின்று நடத்திய அந்த ஆய்வின் முடிவுகள் 2022இல் வெளிவந்தன. 84 பள்ளிகள்; 11 முதல் 13 வயது வரையுள்ள 8,000க்கும் மேற்பட்ட மாணவர்கள். ஒரு பகுதிப் பள்ளிகளில் ஆசிரியர்கள் முதலில் தாங்களே பயிற்சி பெற்று, பிறகு மாணவர்களுக்குப் பத்துப் பாடங்களாக விழிப்புணர்வுப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றப் பள்ளிகளில் வழக்கமான நற்பழக்கப் பாடங்கள் நடந்தன. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது மனச்சோர்விலோ, நடத்தையிலோ, மனநலத்திலோ இரு சாராருக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. ஏற்கெனவே மனத்துன்பத்தில் இருந்த பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி பொருந்தாமல் போயிருக்கலாம் என்பதற்கும் அறிகுறிகள் தெரிந்தன. பெரும்பாலான மாணவர்கள் வீட்டில் பயிற்சியைச் செய்யவே இல்லை. வியப்பென்ன? தான் கேட்காத மருந்தை, யாரும் பார்க்காதபோது குழந்தை துப்பிவிடத்தான் செய்யும்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் மனக்களைப்பு குறைந்திருந்தது; பள்ளியின் சூழ்நிலையும் சற்று நல்லதாயிற்று. அந்தப் பயன் ஓராண்டில் பெரும்பாலும் மங்கிவிட்டது என்றாலும், முதலில் பயன் தெரிந்த இடம் எது என்பதைப் பாருங்கள். குழந்தைகளுக்கென்று எடுத்துப்போன மருந்து பெரியவர்களிடம் வேலை செய்திருக்கிறது!

இதைக்கொண்டு பயிற்சியே வீண் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். கதை எழுதுகிறவனுக்குப் புள்ளிவிவரத்தைவிட ஒரு முகத்தைப் பார்த்து யோசிப்பதே பழக்கம். ஏழாம் வகுப்பில் ஒரு சிறுமி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முந்தின இரவு வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை. தட்டு ஒன்று சுவரில் மோதி உடைந்தது. காலையில் அவள் தலையைத் தானே பின்னிக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டாள். முதல் பாடவேளை விழிப்புணர்வுப் பயிற்சி. கண்ணை மூடுகிறாள். மூச்சா தெரியும்? தட்டு உடைந்த சத்தம்தான் கேட்கும். அதுவரை புத்தகப் பையையும் வீட்டுப்பாடத்தையும் போட்டு அவள் மூடி வைத்திருந்த ஒன்றை, 'உள்ளே பார்' என்று சொல்லி நாம்தான் திறந்துவிட்டோம்.

இனி இரண்டு விதமாக நடக்கலாம். மணி அடிக்கிறது, 'எல்லாரும் கண்ணைத் திறங்கள், கணக்கு நோட்டை எடுங்கள்' என்று ஆசிரியை அடுத்த வேலைக்குப் போய்விடலாம். அல்லது, அந்தச் சிறுமியின் விரல்கள் பாவாடை ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்ததை ஆசிரியை பார்த்திருக்கலாம். வகுப்பு முடிந்து வராந்தாவில் போகும்போது, 'என்னம்மா, இன்றைக்கு உட்காரவே முடியவில்லை போலிருக்கிறதே?' என்று மெல்லக் கேட்கலாம். சிறுமி ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டுப் போகலாம். பரவாயில்லை. கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதல் வகுப்பில் நடந்தது சடங்கு. இரண்டாவதில்தான் கல்வி நடந்தது.

'வீட்டில் நடக்கும் சண்டையை ஆசிரியை போய் நிறுத்த முடியுமா? மாற்ற முடியாத துன்பத்தைத் தாங்கும் பலத்தையாவது கொடுக்கக் கூடாதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கொடுக்கத்தான் வேண்டும். ஒருவன் தன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு கேலி செய்யும்போது, கையை ஓங்குவதற்கு முன் ஒரு மூச்சு நேரம் நிற்கத் தெரிந்த பையன் உண்மையில் செல்வன். அந்த ஒரு மூச்சில் அவனுக்கு வழிகள் தெரிகின்றன. சிரித்துவிட்டுப் போகலாம், 'திருப்பிக் கொடு' என்று உறுதியாகக் கேட்கலாம், ஆசிரியரிடம் போய்ச் சொல்லலாம். கோபம் போய்விடவில்லை, கோபத்துக்கு அடிமையாக இருப்பது போயிற்று. இந்த விடுதலையைத்தான் விழிப்பு என்கிறோம்.

ஆனால் அதே பையனிடம், 'உனக்குக் கோபம் வருவதே தப்பு. மூச்சை இழுத்துவிட்டுப் பேசாமல் போ' என்று சொல்லிக்கொடுத்தால், அது விழிப்பு அல்ல, தாலாட்டு. பேனாவைப் பிடுங்கியவன் நாளைக்கும் பிடுங்குவான். தாலாட்டுக்குப் பழகிய பிள்ளை பெரியவனான பிறகு, அநியாயமாகச் சம்பளத்தைப் பிடித்தாலும் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருப்பான். விழிக்கச் செய்வதற்கென்று வந்த பயிற்சியைத் தூங்கவைக்கப் பயன்படுத்துவது பெரியவர்களுக்கு வசதியானது. அதனாலேயே அங்கே நாம் அதிகம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த உரைகல் ஒன்றுதான். கண்ணை மூடச் சொன்னவர், கண்ணைத் திறந்த பிறகு குழந்தை சொல்வதைக் கேட்கத் தயாராக இருக்கிறாரா? இருந்தால் அந்த அமைதி குழந்தைக்காக. இல்லையென்றால் அது நமக்காக. 'சும்மா இரு' என்று அதட்டுவதையே இனிமையான குரலில் சொல்லியிருக்கிறோம், அவ்வளவுதான்.

டில்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் தலாய் லாமா தொடங்கிவைத்த மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தில் எனக்குப் பிடித்தது இந்த இடந்தான். நர்சரி முதல் 8ஆம் வகுப்பு வரை வகுத்த அந்தத் திட்டத்தில் மௌனப் பயிற்சி ஒரு பகுதி மட்டுமே. கதை சொல்வதும், சேர்ந்து செய்வதும், மனத்தில் பட்டதைப் பிள்ளைகள் எடுத்துச் சொல்வதும் அதோடு சேர்ந்தவை. தேர்வும் மதிப்பெண்ணும் வைக்கவில்லை. நடைமுறையில் ஒவ்வொரு வகுப்பும் எப்படி நடந்தது என்பது அங்கே நின்ற ஆசிரியரைப் பொறுத்ததாக இருந்தது. ஆனால் மௌனத்துக்குப் பக்கத்திலேயே பேச்சுக்கும் ஓர் இடம் போட்டு வைத்தார்களே, அது சரியான எண்ணம்.

வீட்டிலோ பள்ளியிலோ இதைத் தொடங்க நினைப்பவர்கள் சிலவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். கண்ணை மூட விரும்பாத பிள்ளை திறந்துகொண்டே இருக்கட்டும். மூச்சைக் கவனித்தால் சில பிள்ளைகளுக்குப் படபடப்புக் கூடுகிறது. அவர்கள் தரையில் பதிந்த பாதத்தையோ, வெளியே கேட்கும் காக்கையின் குரலையோ கவனிக்கலாம். நேரம் சில நிமிடங்கள் போதும். ஒழுங்காக உட்காரவில்லை என்று அடிப்பதோ, உட்கார்ந்தான் என்று பரிசு கொடுப்பதோ வேண்டாம். தண்டனையாக ஒருபோதும் இதைச் சொல்லக் கூடாது. குழந்தை ஏதேனும் பெரிய துன்பத்தைச் சொல்லிவிட்டால், அதை யாரிடம் கொண்டுபோவது என்பதும் நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கென்றே 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையை உட்காரச் சொல்லுமுன் நாம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் கைபேசியைத் தொடாமல் இருக்கத் தெரியாத தந்தை, மனத்தை ஒருநிலைப்படுத்து என்று மகனுக்குச் சொன்னால் மகன் சிரிக்காமல் என்ன செய்வான்?

திருக்குறளில் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. மறவாமை என்று பொருள். 'ஸதி' என்ற சொல்லுக்கும் அதே பொருள்தான் என்பதை மேலே பார்த்தோம். மகிழ்ச்சியில் திளைத்துக் கடமையை மறப்பது அளவு கடந்த கோபத்தைவிடத் தீயது என்று சொல்லி வள்ளுவர் அந்த அதிகாரத்தைத் தொடங்குகிறார். அதை அவர் வைத்திருக்கும் இடம் அரசியல். மறவாமல் விழித்திருக்கும் கடமையை அவர் முதலில் யாரிடம் கேட்கிறார்? அதிகாரம் உடையவனிடம். குடிகளைக் காக்க வேண்டியவன் அயர்ந்துவிட்டால் குடிகள் விழித்திருந்து என்ன பயன்?

ஒரு குழந்தைக்கு அரசன் யார்? காலையில் எழுப்புகிற தாய், பள்ளிக் கட்டணம் கட்டுகிற தந்தை, வகுப்பில் நிற்கிற ஆசிரியர். அந்தச் சிறிய நாட்டில் எல்லா அதிகாரமும் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆகையால் விழிப்பு என்ற பாடத்தை அவர்களே முதலில் படிக்க வேண்டும். பிள்ளையின் முகம் இன்று ஏன் வாடியிருக்கிறது, இரண்டு நாளாக ஏன் சரியாகச் சாப்பிடவில்லை, பள்ளி வண்டி வரும் நேரத்தில் ஏன் வயிற்றுவலி வருகிறது என்று கவனிப்பவர்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளை மூச்சைக் கவனிக்கவும் தானே கற்றுக்கொள்ளும். தன்னை ஒருவர் கவனித்ததைப் பார்த்துத்தான் குழந்தை தன்னைக் கவனிக்கத் தெரிந்துகொள்கிறது.