நினைவு எங்கே முடிகிறது?

நியூயார்க்கின் ஓர் அருங்காட்சியகம் 53ஆம் தெருவில் இருப்பதை அல்சைமர் நோயாளி ஓட்டோ தன் நோட்டைப் புரட்டித்தான் தெரிந்துகொள்கிறார். ஆண்டி கிளார்க்கும் டேவிட் சால்மர்ஸும் 1998இல் எழுதிய கட்டுரையின் கற்பனை மனிதர் அவர். அந்த நோட்டும் அவர் மனத்தின் பகுதியே என்பது அவர்கள் வாதம்.

நோட்டுக்கு அந்தத் தகுதி உண்டென்றால், வழி சொல்லும் முக்குக்கடைக்கு ஏன் கூடாது?

நினைவுக்கு உதவும் தெரு அதைக் கெடுக்கவும் செய்யும். 2017இல் வெளியான ஒன்டாரியோ ஆய்வில், பெருஞ்சாலைக்கு 50 மீட்டருக்குள் வசித்தவர்களுக்கு மறதிநோய் அபாயம் சுமார் 7 சதவீதம் கூடுதல். வாகனப் புகைதான் காரணம் என்று ஆய்வு அறுதியிடவில்லை; ஆனால் அந்தச் சந்தேகம் பலமானது.

தெருவையே துணையாக்கும் முயற்சியும் உண்டு: நெதர்லாந்தின் ஹோகெவெய்க், மறதிநோயாளிகளுக்கென்றே கட்டிய குடியிருப்பு. தெருவும் கடையும் உண்டு; வெளிவாசல் மட்டும் அவர்களுக்குத் திறக்காது. பொய் உலகம் என்று பழிப்பவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கடையில் வாங்கும் காய்கறி நிஜம்தான்; வீட்டில் சமையலும் அதில்தான்.