பழகிய நாட்டை எடைபோடுவது

அமெரிக்கர் ஒருவர் சீனத்தை இரண்டு வழிகளில் அறிகிறார். ஆய்வகத்தில் உடன் வேலை பார்ப்பவர், வீட்டுக்கு வந்த மருமகள், தத்தெடுத்து வளர்த்த மகள் என உறவின் வழியாக ஒன்று. உளவு பலூன், வரிப்போர், தைவான் நீரிணை எனச் செய்தியின் வழியாக மற்றொன்று. இரண்டும் ஒத்துப்போவதில்லை. 2023-இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது அமெரிக்கர்களில் 83 விழுக்காட்டினர் சீனத்தின் மீது நல்லெண்ணம் இல்லை என்றார்கள். சீன நண்பர்கள் உள்ளவர்களும் அவர்களில் இருப்பார்கள். பழகிய முகத்தை நம்புவதா, படித்த செய்தியை நம்புவதா என்ற கேள்வி அவர்களுக்கு அறத்தின் கேள்வியாகவே வருகிறது.

செய்தி கிளப்பும் அச்சத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று உண்டு. 2018-இல் அமெரிக்க நீதித்துறை 'சைனா இனிஷியேட்டிவ்' என்ற பெயரில் உளவு வேட்டை ஒன்றைத் தொடங்கியது. சீனாவில் பிறந்து அமெரிக்கக் குடிமகனான எம்.ஐ.டி. பேராசிரியர் கேங் சென் 2021 ஜனவரியில் கைதானார். சீனத் தொடர்புகளை அரசிடம் மறைத்தார் என்பது குற்றச்சாட்டு. சக பேராசிரியர்கள் நூறு பேருக்கு மேல் கையெழுத்திட்டு அவர் பக்கம் நின்றார்கள். ஓராண்டில் அரசே வழக்கைக் கைவிட்டது. ஒரு மனிதரை அவர் பிறந்த நாட்டின் அரசுக்காகத் தண்டிக்கக் கூடாது என்பது, அவரோடு பழகியவர்களுக்கு மற்றவர்களைவிட முன்பே புரிந்தது. உறவு நீதிக்குத் துணைபோன இடம் இது.

ஆனால் உறவு எப்போதும் நீதிக்குத் துணைபோவதில்லை. செய்தியாளர் எட்கர் ஸ்னோவைவிடச் சீனத்தோடு நெருங்கிப் பழகிய அமெரிக்கர் சிலரே. 1929-இல் வடமேற்குச் சீனத்துப் பஞ்சத்தை நேரில் கண்டு உலுக்கப்பட்டவர் அவர். 1936-இல் குகை வீடுகளில் தங்கியிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் மாவோவைத் தேடிப்போய்ப் பேட்டி கண்டு, உலகுக்கு அவரை அறிமுகப்படுத்தியவரும் அவரே. 1960-இல் பழைய நண்பராக மீண்டும் போனார். மாவோவும் பிரதமர் சௌ என்லாயும் வரவேற்றார்கள். அப்போது கோடிக்கணக்கானோரைக் கொன்ற பஞ்சம் நாட்டுப்புறத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. பட்டினியால் சாகும் மக்களைத் தான் காணவில்லை என்று ஸ்னோ நாடு திரும்பி எழுதினார். அவர் பொய் சொன்னார் என்று கருத வேண்டியதில்லை. காட்டப்பட்டதைப் பார்த்தார், நண்பர்கள் சொன்னதை நம்பினார். செத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதனால் ஒரு சாட்சி இல்லாமல் போயிற்று.

இதே சோதனை 1943-இல் செய்தியாளர் தியடோர் வைட்டுக்கும் வந்தது. ஹார்வர்டில் சீன மொழி கற்று, சீனத்தின் மீதுள்ள பற்றினாலேயே அங்கு போனவர் அவர். அவர் எழுதிய 'டைம்' இதழின் உரிமையாளர் ஹென்றி லூஸ், சீனாவிலேயே பிறந்த மதபோதகர் மகன். அன்றைய சீன ஆட்சித் தலைவர் சியாங் கை-ஷேக்கின் உறுதியான ஆதரவாளர். பஞ்சம் பீடித்த ஹெனான் மாகாணத்துக்கு வைட் போனார். மக்கள் மரப்பட்டையைத் தின்பதையும், சாலையோரப் பிணங்களை நாய்கள் தோண்டுவதையும் கண்டார். நிலத்தில் தானியம் இல்லாதவர்களிடமும் படைக்கு வரி தானியம் கறக்கப்பட்டது. வைட் செய்தியை அனுப்பியதோடு நிற்காமல் சியாங்கையே சந்தித்தார். அப்படி ஒன்றும் இல்லை என்று சியாங் மறுத்தார். நாய்களின் புகைப்படங்களை முன்னால் வைத்த பிறகே நம்பினார். அதன்பிறகு ஹெனானுக்குத் தானியம் போயிற்று.

இருவரும் சீனத்தை நேசித்தவர்கள். ஸ்னோவின் நேசம் ஆட்சியில் இருந்த நண்பர்களைக் காத்தது. வைட்டின் நேசம், பேச ஆளில்லாமல் சாலையோரம் கிடந்தவர்களின் பக்கம் போயிற்று. ஒரு நாட்டின் மீது அன்பு என்று சொன்னால், அந்நாட்டில் யார் மீது என்ற கேள்விக்கு விடை இருக்க வேண்டும்.

இன்றைய அமெரிக்கருக்கு இது இன்னும் கூர்மையான கேள்வி. சின்ஜியாங்கிலோ ஹாங்காங்கிலோ நடக்கும் ஒடுக்குமுறை பற்றிச் சீன நண்பர் வாய் திறக்கவில்லை என்றால், குறை ஒன்றுமில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அவர் பேசினால் ஊரில் உள்ள அம்மா அப்பாவுக்குத் தொல்லை வரலாம். அவரைப் பேசச் சொல்லி நெருக்குவதும் தவறு. அவருடைய மௌனத்தை அரசுக்கு நற்சான்றாகக் காட்டுவதும் தவறு.

தத்தெடுத்த குடும்பங்களுக்கும் இதே கேள்வி உண்டு. 1992 முதல் 2024 வரை சீனாவிலிருந்து 80,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் அமெரிக்க வீடுகளுக்குத் தத்துப்பிள்ளைகளாக வந்தார்கள். பெற்றோரே கைவிட்ட குழந்தைகள் என்றுதான் வளர்த்தவர்களுக்குச் சொல்லப்பட்டது. பெரும்பாலும் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஹுனான் மாகாணத்தின் லோங்ஹுய் வட்டத்தில், அபராதம் கட்ட முடியாத பெற்றோரிடமிருந்து குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் குழந்தைகளைப் பறித்துக் காப்பகத்தில் சேர்த்ததையும், சிலர் வெளிநாடு அனுப்பப்பட்டதையும் 2011-இல் ஓர் இதழ் வெளியிட்டது. அந்த இதழ் சீன இதழான காய்சின். எழுதியவர்கள் சீனச் செய்தியாளர்கள். சீன அரசைக் குறை கூறும் செய்தியெல்லாம் சீன மக்கள் மீதான பகை என்று ஒதுக்குபவர், முதலில் இவர்களுக்கே அநீதி செய்கிறார்.

மகளைச் சீராட்டி வளர்த்த பெற்றோருக்கு அந்தச் செய்தியைப் படிப்பது வேதனைதான். ஆனாலும் மகளின் பொருட்டே அதை அவர்கள் படித்தாக வேண்டும். உறவு ஒருவரைச் செய்திக்கு எதிராகக் காதைப் பொத்திக்கொள்ளச் செய்யக் கூடாது. செய்தி ஒருவரைப் பழகிய மனிதரிடம் முகம் திருப்பச் செய்யவும் கூடாது. சீனருக்கு உற்றவர் என்று சொல்லிக்கொள்ளும் அமெரிக்கர், தம் நாட்டில் அவர்கள் மீது விழும் சந்தேகத்தையும் எதிர்க்க வேண்டும், அவர்களுடைய நாட்டில் அவர்களுக்கு இழைக்கப்படும் கொடுமையையும் சொல்ல வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் அந்த உறவு பாதிக் கடமையோடு நின்றுபோகிறது.