தொலைபேசியின் சாட்சியம்

ஊழியர் வேலைக்கு வந்தாரா என்பதை அவர் வாய்மொழியால் அறிவதா, கருவியால் அறிவதா? தொழிற்சாலைக்கு இக்கேள்வி பெரிதன்று. வாயிலிலே கடிகாரம் இருக்கிறது. பிறர் இல்லம் புகுந்து முதியோரையும் உடல் ஊனமுற்றோரையும் பராமரிப்பவர் விஷயம் வேறு.

அமெரிக்காவில் 2016இல் இயற்றப்பட்ட ‘21ஆம் நூற்றாண்டு க்யூர்ஸ் சட்டம்’, மெடிகெய்ட் நிதியில் நடக்கும் இத்தகைய பணிவிடைகளை மின்னணு முறையில் சரிபார்க்கப் பணித்தது. யார், யாருக்கு, என்ன பணி, எந்நாள், எவ்விடம், தொடங்கியதும் முடிந்ததும் எப்போது என ஆறு விவரங்கள். தொலைபேசி அதற்கொரு வழி. பணியாளர் அவ்வீட்டுத் தொலைபேசியிலிருந்து கட்டணமில்லா எண்ணை அழைத்துத் தம் அடையாள எண்ணை அழுத்துவார். அழைப்பு வந்த எண்ணே அவர் அங்கிருந்தமைக்குச் சாட்சி. விடைபெறும்போது மீண்டும் ஓர் அழைப்பு.

போகாத வீட்டுக்குப் போனதாகக் கணக்கெழுதிப் பொதுப்பணம் பெறுவோர் உண்டு. அவ்வஞ்சனையால் முதலில் வாடுவது படுக்கையில் கிடக்கும் முதியவரே. ஆகவே சரிபார்த்தலைப் பழிக்க நான் முன்வரேன். ஆயினும் ஒன்று உறுத்துகிறது. நிமிடங்களை அளக்கும் கருவி, கஞ்சி கனிவோடு ஊட்டப்பட்டதா, வாயில் திணிக்கப்பட்டதா என்பதை அறியாது. அவசரத்தில் அழைக்க மறந்தவரோ ஏட்டில் வராதவராகி விடுகிறார்!

கண்காணிப்பு பணியாளரோடு நிற்பதுமில்லை. பணி தொடங்குவதும் முடிவதும் வீட்டுத் தொலைபேசி அருகேதான் எனில், சக்கர நாற்காலியில் கடைவீதி சென்றவர் அங்கேயே துணையாளருக்கு விடைகொடுக்க இயலாது. ஊனமுற்றோர் சிலர் இதனை வீட்டுச் சிறை என்றே கடிந்துரைத்தனர்.

“இன்று வந்தவர் உங்களிடம் எப்படி நடந்துகொண்டார்?” என்னும் வினா அந்த ஆறனுள் இல்லை.