முன்னறிவும் நம் கடனும்

சென்ற மாதம் ஒரு நாட்காலை, பிரட்டுக்களத்தில் பெயர் பதிந்துகொண்டிருந்த என்னிடம் ஐந்து மாதக் கர்ப்பிணியொருத்தி வந்து, “ஐயா, நாளைக்கு ஸ்கேன் பார்க்கப் போகவேண்டும், லீவு வேண்டும்” என்றாள். அருகே நின்ற முதியவர், “பிள்ளை பிறக்கும் வேளை பிரமன் எழுதியது, அதைப் பெட்டிக்குள்ளா பார்ப்பது?” என்று நகைத்தார். ஆட்கணக்குக் குறையுமேயென்று நானும் ஒரு கணம் தயங்கினேன். அத்தயக்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

37 வாரம் நிறையுமுன் பிறத்தலைக் குறைப்பிரசவம் என்பர். 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் சிசுக்கள், அதாவது பத்தில் ஒன்று, இவ்வாறு பிறந்தன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. செவிக்கெட்டாத ஒலியலையால் கருவைக் காணும் முறையைக் கிளாஸ்கோ நகர வைத்தியர் இயான் டொனால்டும் தோழர்களும் 1958-இல் வெளியிட்டனர். இன்று அவ்வொலியாலேயே கருப்பையின் கழுத்தை அளக்கின்றனர். 24 வாரத்துக்குள் அது 25 மில்லிமீட்டருக்குக் குறையுமாயின், பிள்ளை முந்திப் பிறக்கும் அபாயம் மிகுதி.

சோதிடனும் வருவதுரைக்கின்றானே, வேறுபாடு யாதெனின், கூறுவோம். அவன் “நிகழும்” என்று அச்சுறுத்திப் பரிகாரம் விற்பான். பொய்த்தால் கணக்குக் கொடான். விஞ்ஞானமோ “நிகழக்கூடும்” என்றளவில் நிற்கும். கழுத்துக் குறுகிய தாய்மாரிலும் பலர் நிறைமாதத்தில் பெறுகின்றனர்; குறுகாதாரிலும் சிலர் முந்திப் பெறுகின்றனர். இதனை மறையாது உரைப்பதே அறிவின் நேர்மை. அன்றியும் அது செயலுக்கு வழிகாட்டுகிறது. குறுகிய கழுத்துடையார்க்குப் புரொஜெஸ்டெரோன் மருந்து அபாயத்தைக் குறைக்கின்றது. பிரசவம் முந்துமெனத் தோன்றின், தாய்க்கு இடும் ஸ்டீராய்டு ஊசி சிசுவின் நுரையீரலை முதிர்விக்கின்றது. இதனை நியூஸிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்னும் இருவர் 1972-இல் காட்டினர்.

ஆயினும், அன்பர்களே, அறிந்தபின் உதவாத அறிவினால் பயன் என்னை? அபாயத்தை உரைத்துவிட்டு, மருந்துக்கு வழியும் வைத்தியசாலைக்குப் போக ஒரு நாள் ஓய்வும் மறுப்போமாயின், தாய்க்கு நாம் ஈந்தது அச்சம் ஒன்றே. குறைமாதத்தில் பிள்ளை பிறந்தால் “அவள் ராசி” என்று இதுகாறும் பழித்தோம். இனி “ஸ்கேன் பார்த்தும் காக்கத் தெரியாதவள்” என்போமாயின், மூடத்தனம் புதுச்சட்டை அணிந்ததேயன்றி ஒழிந்ததாகாது. முன்னறிவு அவளைக் குற்றவாளியாக்குதற்கன்று. கணவனும், மாமியும், கிராணியும், துரையும் அவள் சுமையிற் பங்கேற்றற்கே.

அன்று லீவு எழுதிக் கொடுத்தேன். அவள் நன்றி கூறினாள். கடன் தீர்த்தவனுக்கு நன்றி எதற்கு?